சிம்மில் எப்படி நிற்கும்?

புதிய சமையலறைக்கு இண்டக்‌ஷன் அடுப்பு பார்க்கப் போன முதல் நாள் அம்மாவும் கூட வந்தார். விற்பனையாளர் ஒரு பாத்திரத்தில் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, கறுப்புக் கண்ணாடிமேல் வைத்து, பூஸ்ட் என்ற இடத்தை விரலால் தொட்டார். ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை, தண்ணீர் தளதளவென்று கொதித்தது. அவர் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி. எனக்கும் வியப்பாகத்தான் இருந்தது. அம்மா மட்டும் குனிந்து பாத்திரத்துக்கு அடியில் பார்த்துவிட்டு, "தம்பி, கொதிக்கிறது சரி. சிம்மில் எப்படி நிற்கும்?" என்று கேட்டார்.

"ஒன்றாம் நம்பரில் வையுங்கள் அம்மா, நிற்கும்" என்றார் அவர். வைத்தும் காட்டினார். கொதி அடங்கியது. சில நொடி கழித்து நடுவில் மட்டும் குபுகுபுவென்று ஒரு கொப்புளக் கூட்டம் எழுந்தது. மறுபடி அடங்கியது. மறுபடி எழுந்தது. அம்மா என்னைப் பார்த்தார். வீட்டில் எட்டு வருடமாக இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பழைய வீட்டில் எங்களிடம் இருந்தது மேடையில் வைத்து பிளக்கில் செருகும் ஒற்றை இண்டக்‌ஷன் அடுப்பு. தண்ணீர் காய்ச்ச அதைப்போல ஒன்று கிடையாது. ஆனால் பால் வைத்தால் போச்சு. எவ்வளவு குறைத்து வைத்தாலும் திடீரென்று பொங்கும், இல்லையென்றால் அடிப்பிடிக்கும். இண்டக்‌ஷன் என்றாலே இப்படித்தான் என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம். அது தவறு. அந்தத் தவறைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு மாதம் ஆனது. அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்த அடுப்பு வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக்குக் கீழே வட்டமாகச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 அல்லது 60 முறை முன்னும் பின்னுமாகப் போய்வரும். அடுப்புக்குள் இருக்கும் சர்க்யூட் அதை நொடிக்கு இருபதாயிரம் முறைக்கு மேல் திசை மாறுவதாக ஆக்கிச் சுருளுக்குள் செலுத்துகிறது. சுருளைச் சுற்றிக் காந்தப்புலம் அதே வேகத்தில் மாறுகிறது. மாறும் காந்தப்புலம் பக்கத்தில் உள்ள உலோகத்தில் மின்சாரத்தைத் தூண்டும் என்று ஃபாரடே 1831-இல் கண்டுபிடித்தாரே, அதுதான் பாத்திரத்தின் அடியில் நடக்கிறது. அங்கே சுழலும் மின்னோட்டம் அந்த உலோகத்தையே சூடாக்குகிறது. கண்ணாடி சூடாவது பாத்திரம் தொட்டுக்கொண்டிருப்பதால்தான். 1950களிலேயே ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிரிஜிடேர் பிரிவு, சுருளுக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் செய்தித்தாளை வைத்துத் தண்ணீர் கொதிக்க வைத்துக் காட்டியது. வீட்டுக்கான அடுப்பாக அதைக் கொண்டுவர அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸ் 1970களின் தொடக்கத்தில் முயன்றது.

சரி, சிம்முக்கு வருவோம். காஸ் அடுப்பில் குமிழைத் திருகினால் சுடர் சிறிதாகும், ஆனால் விடாமல் எரியும். இண்டக்‌ஷனில் சூட்டைக் குறைப்பது அவ்வளவு எளிதல்ல. சர்க்யூட்டில் மின்சாரத்தை விட்டு விட்டு நிறுத்தும் ஸ்விட்ச் டிரான்சிஸ்டர், சுருளும் மின்னூட்டத்தைச் சேமிக்கும் மின்தேக்கியும் சேர்ந்து இயல்பாக அதிரும் வேகத்துக்கு அருகில் இயங்கும்போதுதான் சுகமாக வேலை செய்யும். சக்தியைக் குறைக்க அந்த வேகத்திலிருந்து விலகிப் போக வேண்டும். ஓர் அளவுக்குமேல் விலகினால் டிரான்சிஸ்டரே சூடாகிக் கெட்டுவிடும். விலை குறைந்த ஒற்றை அடுப்புகளில் ஒரே ஒரு டிரான்சிஸ்டர்தான் இருக்கும். அதனால் பாதி சக்திக்குக் கீழே வந்தாலே தடுமாறும். அப்புறம் அது என்ன செய்யும்? 200 வாட் கேட்டால், 1,000 வாட்டை இரண்டு நொடி கொடுத்து எட்டு நொடி நிறுத்திவிடும். சராசரி கணக்கில் 200 வாட் சரியாக வந்துவிடும். பாலுக்குச் சராசரி தெரியாதே. அந்த இரண்டு நொடியில் முழு 1,000 வாட்டும் மெல்லிய அடியில் இறங்கி, பாலைப் பிடிக்க வைத்துவிடுகிறது.

மேடையில் பதிக்கும் நல்ல அடுப்புகளில் ஒவ்வொரு சுருளையும் இரண்டு டிரான்சிஸ்டர்கள் மாறி மாறி இயக்கும். அவை இன்னும் கீழே வரைக்கும் விடாமல் சக்தி கொடுக்கும். அதிலும் எல்லாம் ஒன்றல்ல. சில அடுப்புகள் மூன்றாம் நிலையிலேயே விட்டுவிட்டுக் கொடுக்க ஆரம்பிக்கும். சிலவற்றில் ஒன்றாம் நிலையில்கூடச் சீராக இருக்கும். வேறு சில, விட்டுவிட்டுக் கொடுத்தாலும் ஒரு நொடிக்குள்ளேயே கொடுத்து நிறுத்துவதால் பாத்திரத்துக்கு அது தெரியாது. மூடி போட்ட நடுத்தரப் பாத்திரம் ஒன்றைக் கொதிக்கு ஒரு படி கீழே பிடித்து வைக்க ஓரிரு நூறு வாட் போதும். சமையலில் பாதி நேரம் நமக்கு வேண்டியது அந்த ஓரிரு நூறு வாட்தான். ஆனால் கடையில் எல்லோரும் காட்டுவது 3,000 வாட் பூஸ்ட். விவரத் தாளில் உச்ச சக்தி கொட்டை எழுத்தில் இருக்கும். குறைந்தபட்ச சக்தி பல தாள்களில் இருக்கவே இருக்காது.

அதனால் நான் ஒரு வழி செய்தேன். அடி மெல்லியதாக இருந்த பழைய எவர்சில்வர் பாத்திரம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். மின் இணைப்போடு வைத்திருந்த அடுப்பு எதுவானாலும், கேட்டுவிட்டு, இரண்டு விரல் உயரம் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்து, பிறகு கடைசி நிலைக்குக் கொண்டுவந்து மூன்று நிமிடம் பார்த்தேன். பாத்திரம் தடியாக இருந்தால் இந்தச் சோதனை பயன்படாது. தடித்த அடி சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு விட்டுவிட்டுக் கொடுப்பதை மறைத்துவிடும். கடைகளில் வைத்திருக்கும் பாத்திரங்கள் பெரும்பாலும் தடியானவை. மெல்லிய பாத்திரத்தில் எல்லாம் அப்பட்டமாகத் தெரியும். கொப்புளங்கள் ஒரே சீராக மெல்ல மேலே வருகின்றனவா, அல்லது பொங்கிப் பொங்கி அடங்குகின்றனவா? ஒன்பது அடுப்புகளில் இப்படிப் பார்த்தேன். அவற்றில் மூன்றுதான் அம்மாவுக்குத் திருப்தி.

இதே சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. கொப்புளம் எழும் இடத்தைப் பாருங்கள். கண்ணாடியில் பெரிய வட்டம் வரைந்திருக்கும். உள்ளே சுருள் அதைவிடச் சிறியதாக இருக்கலாம். அப்படியானால் அகலமான பாத்திரத்தில் நடுவில் வளையம்போலக் கொதிக்கும், ஓரம் சும்மா இருக்கும். எங்கள் பழைய அடுப்பில் அகலமான வாணலியில் வெங்காயம் வதக்கினால் நடுவில் இருப்பது கருகும், ஓரத்தில் இருப்பது பச்சையாகவே இருக்கும். அதற்கு வாணலியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

அடுத்த வாரம் வீட்டுப் பாத்திரங்களை எல்லாம் தரையில் கவிழ்த்து வைத்து அளவெடுத்தோம். வாயை அளக்கக் கூடாது, அடியை அளக்க வேண்டும். அதிலும் கண்ணாடியைத் தொடும் தட்டையான பகுதியை மட்டும். வாய் 26 சென்டிமீட்டர் இருக்கும் ஒரு வாணலியின் தட்டை அடி வெறும் 14 சென்டிமீட்டர்! பதினேழு பாத்திரங்களில் பெரும்பாலானவை 14 முதல் 20 வரை. இரண்டு மட்டும் 22-க்கு மேல். தினமும் நாலு முறை அடுப்பில் ஏறும் சின்னப் பாத்திரம் 11. அடுப்பின் வட்டங்கள் பொதுவாக 14 அரை, 18, 21 சென்டிமீட்டர் என்ற அளவுகளில் வரும். பாத்திரத்தின் அடி மிகவும் சிறியதாக இருந்தால் பெரிய வட்டம் அதைக் கண்டுகொள்ளாது, அடுப்பின் திரையில் எழுத்து மினுக்கி மினுக்கி நின்றுவிடும். ஒவ்வொரு வட்டத்துக்கும் குறைந்தபட்ச அடி அளவு என்ன என்பது கையேட்டில் இருக்கும். வாங்குவதற்கு முன்பே அந்தக் கையேட்டைத் தேடிப் படித்துவிடுங்கள். எங்களுக்குப் பிடித்திருந்த ஓர் அடுப்பை இந்த 11 சென்டிமீட்டர் பாத்திரத்துக்காகவே விட்டோம்.

பிறகு காந்தம். குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருந்த சின்னக் காந்தத்தை எடுத்து ஒவ்வொரு அடியிலும் வைத்துப் பார்த்தோம். இரும்பு, வார்ப்பிரும்பு எல்லாம் கப்பென்று பிடித்தன. அலுமினியம், செம்பு, பித்தளை பிடிக்கவில்லை. எவர்சில்வரில்தான் குழப்பம். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் இரண்டில் ஒன்று பிடிக்கிறது, மற்றது பிடிக்கவில்லை. காரணம் நிக்கல். 18/8, 18/10 என்று முத்திரை இருக்கும் எஃகில் பின்னால் உள்ள எண் நிக்கலின் சதவீதம். அந்த அளவு நிக்கல் சேர்ந்தால் எஃகு காந்தத்துக்குப் பிடி கொடுக்காது. துரு ஏறாமல் இருக்க அது நல்லது, அதனால் உட்புறத்தில் அதையே போடுகிறார்கள். நல்ல பாத்திரங்களில் வெளி அடுக்குக்கு மட்டும் நிக்கல் இல்லாத எஃகு, நடுவில் சூட்டைப் பரப்ப அலுமினியம், உள்ளே நிக்கல் எஃகு என்று மூன்றையும் சேர்த்து ஒட்டியிருப்பார்கள்.

காந்தம் பிடிக்காத உலோகத்தில் ஏன் சூடு வருவதில்லை என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம். அலுமினியத்திலும் மின்னோட்டம் தூண்டப்படத்தான் செய்கிறது. ஆனால் காந்தத் தன்மை உள்ள எஃகில் அந்த மின்னோட்டம் முழுவதும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தடிமனுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு ஓடுகிறது. வழி குறுகலாக இருப்பதால் தடை அதிகம், தடை அதிகமாக இருப்பதால் சூடு அதிகம். அலுமினியத்தில் அது அரை மில்லிமீட்டர் ஆழம் வரை பரந்து, ஏற்கெனவே மின்சாரத்தை எளிதாகக் கடத்தும் உலோகத்தில் தடையில்லாமல் ஓடிவிடுகிறது. சூடு எங்கிருந்து வரும்? இதைப் புரிந்துகொண்டபின் இன்னொன்றும் விளங்கியது. சில அலுமினியப் பாத்திரங்களின் அடியில் துளைகள் இட்ட மெல்லிய எஃகுத் தட்டைப் பதித்து 'இண்டக்‌ஷனுக்கு ஏற்றது' என்று விற்கிறார்கள். காந்தம் பிடிக்கும், அடுப்பும் கண்டுகொள்ளும். ஆனால் எஃகு இருக்கும் பரப்பு குறைவு, அதனால் சூடு மெதுவாக ஏறும். அடுப்பைக் குறை சொல்வதற்கு முன் பாத்திரத்தைத் திருப்பிப் பார்ப்பது நல்லது.

பிடிக்காத பாத்திரங்களுக்கு நடுவில் வைக்க ஓர் இரும்புத் தட்டு விற்கிறார்கள். அதை வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. அந்தத் தட்டுதான் சூடாகும், பாத்திரம் அதிலிருந்து சூடு வாங்க வேண்டும். இண்டக்‌ஷனின் வேகமும் போச்சு, சிக்கனமும் போச்சு. தட்டின் சூடு நேராகக் கண்ணாடிக்கும் இறங்குகிறது. எங்களிடம் இருந்த ஆறு பாத்திரங்கள் பிடிக்கவில்லை. நான்கைக் கொடுத்துவிட்டோம். இரண்டு செம்புப் பாத்திரங்களை அம்மா கொடுக்கச் சம்மதிக்கவில்லை. அவை இப்போது குடிதண்ணீருக்கு.

மின் இணைப்பு விஷயம் சலிப்பானது, ஆனால் தள்ளிப்போட முடியாதது. நான்கு வட்ட அடுப்பின் மொத்தச் சக்தி பெரும்பாலும் 7.4 கிலோவாட் அளவில் இருக்கும். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்றால், 230 வோல்ட்டை 32 ஆம்பியரால் பெருக்கினால் 7,360 வாட். அதாவது 32 ஆம்பியர் தனி பிரேக்கர், அதற்கேற்ற தடித்த கம்பி, மின் பலகையிலிருந்து நேராக அடுப்புக்கு. சுவரைப் பூசி ஓடு ஒட்டியபின் இது நினைவுக்கு வந்தால் மறுபடி உடைக்க வேண்டும். எங்கள் எலக்ட்ரீஷியன் முதல் நாளே, "அடுப்பு எதுன்னு முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க, அப்புறம்தான் குழாய் பதிப்பேன்" என்று உறுதியாக நின்றார். அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். வீட்டு இணைப்பு அவ்வளவு தாங்காது என்றால் அதற்கும் வழி உண்டு. பல அடுப்புகளில் மொத்தச் சக்தியை 3 கிலோவாட், 4.5 கிலோவாட் என்று கட்டுப்படுத்தி வைக்கலாம். அப்போது எல்லா வட்டங்களும் வேலை செய்யும், இருக்கிற சக்தியைப் பகிர்ந்துகொள்ளும்.

முழு 7.4 கிலோவாட் கொடுத்தாலும் பகிர்ந்துகொள்வது நடக்கத்தான் செய்யும். இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நான்கு வட்டங்களுக்கு உள்ளே பொதுவாக இரண்டு சக்திப் பலகைகள்தான் இருக்கும். இடப்பக்கத்து முன்னும் பின்னும் ஒரு பலகை, வலப்பக்கத்து முன்னும் பின்னும் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் 3.7 கிலோவாட். முன் வட்டத்தைப் பூஸ்டில் 3 கிலோவாட்டுக்கு ஏற்றினால் அதன் பின்னால் இருப்பதற்கு மிஞ்சுவது 700 வாட். பின்னால் கொதித்துக்கொண்டிருந்தது திடீரென்று அடங்கிவிடும். அடுப்பு பழுது என்று நினைக்கத் தோன்றும். அவசரமான இரண்டையும் ஒரே பக்கத்தில் வைக்காமல் இடம் ஒன்று, வலம் ஒன்று என்று வைத்தால் தீர்ந்தது. உங்கள் அடுப்பில் எது எதற்கு ஜோடி என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேகத்தைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. 20 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரை 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 335 கிலோஜூல் வேண்டும். அதாவது ஒரு யூனிட் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. இண்டக்‌ஷனில் எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தில் 85 சதவீதம் வரை பாத்திரத்துக்குள் போய்ச் சேருகிறது. காஸ் சுடரில் அது 30 முதல் 40 சதவீதம் அளவில்தான். மீதி பாத்திரத்தின் பக்கவாட்டில் ஏறி அறையைச் சூடாக்குகிறது. 1,800 வாட் வைத்தால் ஒரு லிட்டர் மூன்றே முக்கால் நிமிடத்துக்குள் கொதித்துவிடும். இந்த வேகமே தாராளம். 3,700 வாட் பூஸ்ட் இருக்கிறதா, 3,000 வாட்தானா என்று பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் பயன் இல்லை. பூஸ்ட் பெரும்பாலும் ஐந்து, பத்து நிமிடத்துக்குமேல் நிற்காது, தானே இறங்கிவிடும். வெறும் பாத்திரத்தைப் பூஸ்டில் வைத்தால் நொடிகளில் அடி கோணி, அப்புறம் அது கண்ணாடியில் ஒழுங்காக உட்காரவே உட்காராது. புதிதாக வாங்கிய ஒரு வாணலியை நான் அப்படித்தான் இழந்தேன்.

சிக்கனத்துக்காக மட்டும் இண்டக்‌ஷனுக்கு மாறுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அது மின்சாரக் கட்டணத்தைப் பொறுத்தது, இடத்துக்கு இடம் மாறும். என் மனதை மாற்றியது காற்று. சுடர் எரிந்தால் நைட்ரஜன் டை ஆக்சைடு உண்டாகும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அதற்கான ஆண்டு சராசரி வரம்பை ஒரு கனமீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராமிலிருந்து 10-ஆகக் குறைத்தது. சுடர் இல்லாத அடுப்பில் அந்த வாயு வராது. எண்ணெய்ப் புகை வரத்தான் செய்யும், அதனால் புகைபோக்கி வேண்டாம் என்று நினைத்துவிட வேண்டாம். ஆனால் மூடிய சமையலறையில் மணிக்கணக்கில் நிற்பவருக்கு அந்த வித்தியாசம் உடம்பிலேயே தெரியும். அம்மாவுக்கு மாலையில் வரும் கண் எரிச்சல் குறைந்திருக்கிறது.

இனி தொடும் பட்டன்கள். சிம்முக்கு அடுத்தபடியாக நாங்கள் அதிகம் பேசியது இதைப் பற்றித்தான். அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. விரல் நுனி காய்ந்து போயிருக்கும். சில அடுப்புகள் அவர் தொட்டதை உணரவே இல்லை. நான் தொட்டால் வேலை செய்தது. ஈரக்கையால் தொட்டால் குழம்பியது. கொதித்து வழிந்த தண்ணீர் பட்டன்மேல் பரவினால் கூவிவிட்டு அணைந்துபோனது. அணைவது பாதுகாப்புக்கு நல்லதுதான், அப்படித்தான் செய்ய வேண்டும்.

முக்கியமான வேறுபாடு இன்னொன்று. சில அடுப்புகளில் எல்லா வட்டங்களுக்கும் சேர்த்து ஒரே கூட்டல் கழித்தல் பட்டன். எந்த வட்டம் என்று முதலில் தொட வேண்டும், பிறகு கழித்தலை ஏழெட்டு முறை தொட வேண்டும். சாதாரண நேரத்தில் இது பரவாயில்லை. பால் விளிம்புக்கு ஏறி வரும் அந்த இரண்டு நொடியில் இது பெரிய கொடுமை. காஸ் அடுப்பில் கை தானாகக் குமிழுக்குப் போய்விடும், கண் பாலைவிட்டு நகராது. வட்டத்துக்கு ஒரு தனி இழுப்பான், அதாவது விரலை வைத்து நிலையை மாற்றும் தொடு பட்டை, இருக்கும் அடுப்பில் ஒரே தொடலில் ஒன்பதிலிருந்து ஒன்றுக்கு வந்துவிடலாம். குமிழ் வைத்த இண்டக்‌ஷன் அடுப்புகளும் கிடைக்கின்றன. பார்வை குறைந்தவர்களுக்கு அதுதான் சரி என்று நான் நினைக்கிறேன். நாங்கள் பார்த்த குமிழ் அடுப்பு இரண்டும் தண்ணீர்ச் சோதனையில் தேறவில்லை. தேறியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதையே வாங்கியிருப்போம்.

கடைசியில் வாங்கியது நான்கு வட்டம், நான்கு தனி இழுப்பான், இடப்பக்கத்து இரண்டு வட்டங்களையும் ஒன்றாக்கி நீளமான பாத்திரம் வைக்கும் வசதி. அந்த வசதியை இதுவரை மூன்று முறை பயன்படுத்தியிருப்போம். அது இல்லாமலும் காலம் தள்ளலாம். கண்ணாடிக்குள்ளேயே புகையை இழுக்கும் விசிறி வைத்த அடுப்பையும் பார்த்தோம். அழகாக இருந்தது. அதன் குழாய் கீழே இரண்டு இழுப்பறைகளைத் தின்றுவிடும் என்று தெரிந்ததும் விட்டுவிட்டோம்.

அறுபது சென்டிமீட்டர் அடுப்புக்கு மேடையில் வெட்ட வேண்டிய துளை பெரும்பாலும் 56-க்கு 49 சென்டிமீட்டர். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். அடுப்பு கைக்கு வந்து, அதன் தாளைக் காட்டிய பிறகே கல்லை வெட்டச் சொல்லுங்கள். துளையைப் பெரிதாக்கிவிட்டால் சரிசெய்ய வழி இல்லை. கீழ்ப்பக்கம் காற்று வேண்டும். அடுப்புக்குள் ஒரு விசிறி ஓடிக்கொண்டே இருக்கிறது, அது குளிர்ந்த காற்றை இழுத்துச் சூட்டை வெளியே தள்ள இடம் வேண்டும். எங்கள் தச்சர் இழுப்பறை சுத்தமாக இருக்கட்டும் என்று அடுப்புக்கு அடியில் பலகை அடித்து, பின்பக்கத்தையும் இறுக்கமாக மூடிவிட்டார். அவர் நல்லதை நினைத்துத்தான் செய்தார். இரண்டாம் நாள் மாலை, மூன்று வட்டம் ஓடிக்கொண்டிருந்தபோது அடுப்பு தானே சக்தியைக் குறைத்துக்கொண்டது, பிறகு அணைந்தது. கையேட்டைத் திறந்தால், உள்ளே அதிகச் சூடு என்று அந்தக் குறியீட்டுக்கு விளக்கம் இருந்தது. பின்பக்கப் பலகையில் நீளமாக ஓர் இடைவெளி வெட்டியதும் சரியாகிவிட்டது. மேல் இழுப்பறையில் காகிதம், துணி, எண்ணெய் எதுவும் வைப்பதில்லை.

சத்தம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் வாரம் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. விசிறி உறுமும். அதிகச் சக்தியில் பாத்திரம் ரீங்காரம் செய்யும், அடுக்கடுக்காக ஒட்டிய அடி என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வட்டங்கள் சற்று வேறு வேறு வேகத்தில் ஓடினால் மெல்லிய விசில்கூட வரும். இவை பழுது இல்லை. வார்ப்பிரும்புப் பாத்திரம் வைத்தால் ரீங்காரம் குறைகிறது.

கண்ணாடி என்று சொல்கிறோமே தவிர, அது சாதாரணக் கண்ணாடி இல்லை. கார்னிங் நிறுவனத்தில் டொனால்ட் ஸ்டூக்கி 1953-இல் ஒரு கண்ணாடித் துண்டை 600 டிகிரியில் சூடாக்க வைத்தபோது உலை கோளாறாகி 900 டிகிரிக்குப் போய்விட்டது. உருகிப்போயிருக்கும் என்று திறந்தால், வெண்மையான ஒரு தகடு. இடுக்கியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது, உடையவில்லை. கண்ணாடிக்குள் நுண்ணிய படிகங்கள் வளர்ந்திருந்தன. அந்தக் கண்டுபிடிப்பின் வழியில் வந்ததுதான் நம் அடுப்பின் மேல்தளம். சூட்டில் ஏறத்தாழ விரிவதே இல்லை, அதனால் திடீர்ச் சூட்டுக்கும் குளிருக்கும் அஞ்சுவதில்லை. அது அஞ்சுவது இரண்டுக்கு. ஒன்று, கனமான பொருள் கூர்முனையாக விழுவது. இன்னொன்று, சர்க்கரைப் பாகு. பாகு வழிந்து ஆறினால் கண்ணாடியோடு இறுகி, பெயர்க்கும்போது மேற்பரப்பையும் கொஞ்சம் பெயர்த்துக்கொண்டு வந்துவிடும். சூடாக இருக்கும்போதே, கை சுடாமல், சுரண்டியால் தள்ளிவிட வேண்டும். பாத்திரத்தின் அடியில் ஒட்டிய மணலும் உப்பும்தான் கீறலுக்குக் காரணம். வைப்பதற்கு முன் அடியை ஒரு தடவை துடைத்தால் போதும். விரிசல் விழுந்துவிட்டால் மட்டும் யோசிக்கவே வேண்டாம், பிரேக்கரை இறக்கிவிடுங்கள். வழியும் தண்ணீர் அந்த விரிசல் வழியாக மின்சாரத்தைத் தொட்டுவிடும்.

மாமாவுக்கு இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியிருக்கிறது. அவர் வந்தால் சமையலறையில் நிற்கலாமா என்று அம்மா கவலைப்பட்டார். இயங்கும் இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து பேஸ்மேக்கர் 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் சொல்வது. அறையில் இருப்பதில் பிரச்சினை இல்லை, அடுப்பின்மேல் குனிந்து கிளறுவதுதான் கூடாது. தன் மருத்துவரிடமும் கேட்டுக்கொண்டு வந்தார் மாமா. உங்கள் வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் இருந்தால் அடுப்பைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே அந்த மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

அடுப்பு பொருத்திய மறுநாள் காலை அம்மா அந்த 11 சென்டிமீட்டர் பாத்திரத்தில் பால் ஊற்றி, முன்பக்கச் சின்ன வட்டத்தில் வைத்து, காய்ந்ததும் இழுப்பானை இரண்டுக்குக் கொண்டுவந்தார். பக்கத்திலேயே நின்றார். ஐந்து நிமிடம் ஆயிற்று. ஓரத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன, ஆடை லேசாக அசைந்தது. "நிற்குது" என்றார். காலை நடைக்குக் கிளம்பும் முன் அதே அடுப்பில் இன்னொரு வட்டத்தில் தண்ணீரும் வைத்துவிட்டு, கரண்டியைக் கீழே வைத்தார்.

எண்கள் மட்டும் அவர் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. சிவப்பு எழுத்து, கறுப்புக் கண்ணாடி, பகல் வெளிச்சம் வேறு. அதனால் இழுப்பானுக்கு வெளியே, கண்ணாடியின் முன் விளிம்பில், விரலுக்குத் தட்டுப்படும்படி சின்ன ரப்பர்ப் புள்ளிகளை ஒட்டினேன். ஒவ்வொரு இழுப்பானுக்கும் இரண்டாம் நிலைக்கு நேராக ஒன்று, ஆறாம் நிலைக்கு நேராக ஒன்று, ஆக மொத்தம் எட்டு. அதைத் தடவிப் பார்த்து, அதற்கு நேரே மேலே தொடுவார். ஏழு மாதம் ஆகிறது. போன வாரம் முன்பக்கச் சின்ன வட்டத்தின் இரண்டாம் நிலைப் புள்ளி தேய்ந்து உரிந்துவிட்டது. மற்ற ஏழும் ஒட்டியது ஒட்டியபடி இருக்கின்றன. புதியது ஒன்று வெட்டி அங்கே ஒட்டியிருக்கிறேன்.